ரியோஹா ஒயினில் தேங்காய் வாசம்: எசன்ஸா, பீப்பாயா?

துபாய் வாசகர் கேட்டது, 2024 மே 11

ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கினேன். ரியோஹா, கிரான் ரெசெர்வா. பாட்டிலைச் சுற்றித் தங்கக் கம்பி வலையெல்லாம் போட்டு ஜோராக இருந்தது. இதற்கு மேல் ரகமே கிடையாது என்றார் கடைக்காரர். திறந்து மோந்து பார்த்தால் தேங்காய் வாசம், கூடவே வெனிலா. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பின்னால் துவர்ப்பு. எசன்ஸ் கலக்கிறார்களா? இதே ஒயினுக்கு இணையத்தில் தோல், புகையிலை, காய்ந்த செர்ரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. சும்மா அடித்துவிடுகிறார்களா?

மே 11, இரவு

எசன்ஸ் எல்லாம் கிடையாது. அது பீப்பாயின் வேலை.

ரியோஹா என்பது வட ஸ்பெயினில் ஒரு ஒயின் பகுதி. அங்கிருப்பவர்கள் பரம்பரையாக அமெரிக்க ஓக் மரத்தில் செய்த 225 லிட்டர் பீப்பாயில் ஒயினை வைப்பவர்கள். லாக்டோன் என்றொரு சேர்மம் பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் அதிகம். தேங்காய் வாசம் அதிலிருந்துதான் வருகிறது. பீப்பாய் கட்டும்போது பலகையை வளைக்க உள்ளே நெருப்பு மூட்டி வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் மரத்திலிருக்கும் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது. வெனிலாக் காயில் இருக்கும் அதே வெனிலின். கிராம்பு வாசம் வந்தால் அது யூஜெனால், அதுவும் மரத்தின் உபயம்தான். சில பாட்டில்களில் சதகுப்பை வாசம்கூட வரும்.

ஆக உங்கள் மூக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கடைக்காரர் சொன்னதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மே 12

கிரான் ரெசெர்வா என்ற பெயர், அந்த ஒயின் விற்பனைக்கு வரும்முன் எவ்வளவு காலம் கிடந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. இங்கே வட ஸ்பெயினில், பில்பாவோவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலரும் இதைத் தரவரிசை என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். ஊருக்குப் போகும்போது மாமனாருக்கு ஒரு கிரான் ரெசெர்வா. மாமனாருக்குப் பிடிக்காது, ஆனால் அலமாரியில் நிற்கும்.

ரியோஹாவின் விதி இதுதான். கிரியான்சா என்றால் மொத்தம் இரண்டு வருஷம், அதில் ஒரு வருஷமாவது பீப்பாயில். ரெசெர்வா என்றால் மூன்று வருஷம், அதில் குறைந்தது ஒரு வருஷம் பீப்பாய், ஆறு மாதம் பாட்டில். கிரான் ரெசெர்வா ஐந்து வருஷம், அதில் இரண்டு பீப்பாயில், இரண்டு பாட்டிலில். இந்தக் கணக்குக்குள் வராத இளசுகளுக்குப் பொதுப் பெயர்தான். பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண் போட்ட சின்ன முத்திரையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பச்சை பொது, சிவப்பு கிரியான்சா, கரும்சிவப்பு ரெசெர்வா, நீலம் கிரான் ரெசெர்வா. முன்பக்கத்துக் கோட்டை, குதிரை, பிரபு படங்களை மறந்துவிட்டு அந்த முத்திரையைப் பாருங்கள்.

இவை எல்லாம் குறைந்தபட்சம் என்பதைக் கவனிக்க வேண்டும். ரியோஹாவின் ஆரோ ஊரில் லோபெஸ் தெ எரெதியா என்று ஒரு பழைய ஒயின் வீடு, அதாவது ஒயின் தயாரிக்கும் நிறுவனம், இருக்கிறது, 1877இல் தொடங்கியது. அவர்களுடைய வின்யா தொந்தோனியா ரெசெர்வா பீப்பாயிலேயே ஆறு வருஷம் இருக்கும். விதி கேட்பது ஒரு வருஷம். ஒரு வருஷம் இருந்ததும் ரெசெர்வா, ஆறு வருஷம் இருந்ததும் ரெசெர்வா. லேபிளில் ஒரே சொல்தான்.

மே 12, சாப்பாட்டுக்குப் பிறகு

தங்கக் கம்பி வலையை விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் நல்ல ஒயினைக் குடித்து முடித்துவிட்டு, அதே பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி விற்கிற கூட்டம் இருந்தது. வலையை அறுக்காமல் கார்க்கைப் பிடுங்க முடியாது என்பதற்காக வந்தது இது. மார்க்கேஸ் தெ ரிஸ்கால் வீட்டுக்காரர்கள் ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள். இன்று அது வெறும் அலங்காரம். வலை போட்ட சாதாரண ஒயினும் உண்டு, வலை இல்லாத அருமையான ஒயினும் உண்டு.

மே 14

"அப்போ தோல், புகையிலை எல்லாம் புருடாவா?" என்று மறுபடி கேட்கிறார் துபாய் நண்பர். பாதி புருடாதான். மீதிப் பாதியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது.

வாசனையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திராட்சையிலிருந்து வருவது, மரத்திலிருந்து வருவது, வயதிலிருந்து வருவது. ரியோஹாவின் முக்கியத் திராட்சை டெம்ப்ரனியோ. அது இளசாக இருக்கும்போது செர்ரி, பிளம், ஸ்ட்ராபெர்ரி பக்கம் இருக்கும். எனக்கு அதில் நாவல்பழம்தான் தெரிகிறது, அதற்காக யாரும் என்னைச் சிறையில் போடவில்லை. மரம் தருவது தேங்காய், வெனிலா, கிராம்பு. தோல், புகையிலை, காய்ந்த இலை, காளான், உலர்ந்த அத்தி எல்லாம் வயதுக் கணக்கு. வருஷக்கணக்கில் பாட்டிலுக்குள் காற்று அதிகமில்லாமல் கிடக்கும்போது பழ வாசம் ஒடுங்கி, அந்த இடத்தில் இவை எழும்பி வரும். (தோல் வாசம் ரொம்பத் தூக்கலாக, மாட்டுத்தொழுவம் மாதிரி வந்தால் அது வயது இல்லை. பிரெட்டனோமைசெஸ் என்ற ஈஸ்ட் உள்ளே குடித்தனம் நடத்துகிறது.)

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஊதா சாயல் இருந்தால் இளசு, செங்கல் நிறம் வந்திருந்தால் வயசாளி. அப்புறம் சுழற்றாமல் ஒரு தடவை மோந்து பாருங்கள், சுழற்றி ஒரு தடவை. சுழற்றாமல் மோந்தபோது வந்தது என்ன, சுழற்றிய பிறகு புதிதாக வந்தது என்ன என்று கவனித்தாலே போதும். பிறகு ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் பல் ஈறு வரை போக விடுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் காய்ந்து இழுத்துப் பிடித்தால் அது டானின். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால்தான் அந்த வறட்சி. நீங்கள் சொன்ன துவர்ப்பு அதேதான், குறை ஒன்றுமில்லை.

விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று பாருங்கள். நான் மற்ற எதையும்விட இதைத்தான் நம்புகிறேன். மூக்கை ஏமாற்றப் பீப்பாய் போதும். விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு நல்ல திராட்சை வேண்டும்.

மே 15

சென்னையிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் தப்பா?"

தப்பில்லை. பில்பாவோவில் பெரியவர்கள் கும்பலாகக் கடை கடையாகப் போய் ஒவ்வொரு கடையிலும் இரண்டு மடக்கு குடிப்பார்கள். அதற்கென்றே அடி கனத்த சின்னக் கண்ணாடி டம்ளர் உண்டு, கையில் எடுத்தால் படிக்கல் கனம். அதில் மோப்பம் பிடிக்க எதுவும் இல்லை. பேச்சுக்குத்தான் ஒயின், ஒயினுக்குப் பேச்சு இல்லை. டம்ளரில் குடிக்கிற ஒயினுக்கு அதிகம் செலவு பண்ணாதீர்கள், அவ்வளவுதான்.

மே 19

சரி, பேசிக்கொண்டே இருந்தால் எப்படி என்று நேற்று ஒரு பாட்டில் திறந்தேன். வின்யா அர்தான்சா ரெசெர்வா 2016. ஆரோவில் 1890இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்தா வீட்டுச் சரக்கு. ஐந்தில் நான்கு பங்கு டெம்ப்ரனியோ, மிச்சம் கர்னாச்சா. டெம்ப்ரனியோ மூன்று வருஷம் அமெரிக்க ஓக்கில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள், கையால்தான். ஒழுகி வரும் ஒயினுக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, கலங்கல் வரத் தொடங்கியதும் நிறுத்துவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷம் அமெரிக்க மரத்தில் கிடந்த இந்த ஒயினில் தேங்காய் கொஞ்சம்தான். ஒரு வருஷம் மட்டும் கிடந்த சில மலிவு கிரியான்சாக்களில் இதைவிடத் தூக்கலாக இருக்கும். காரணம், பீப்பாயின் வயது. ஃபில்டர் காபியில் முதல் டிகாஷனும் மூன்றாவது டிகாஷனும் ஒன்றாக இருக்குமா? புதுப் பீப்பாய் முதல் ஒயினுக்கே வாசத்தை வாரிக் கொடுத்துவிடும். நாலைந்து தடவை ஒயின் ஏறி இறங்கிய பீப்பாயில் கொடுக்க அதிகம் மிச்சமில்லை. மரத்தின் துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்றை மட்டும் உள்ளே விடும், அந்தக் காற்றில் ஒயின் மெல்ல முதிரும்.

ஆகவே "எத்தனை மாதம் பீப்பாய்" என்று கேட்பது பாதிக் கேள்வி. பீப்பாய்க்கு எத்தனை வயது என்றும் கேட்க வேண்டும். அதை எந்த முத்திரையும் சொல்லாது.

குடித்தது எப்படி இருந்தது? முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூடிக்கொண்டு இருந்தது. சிவப்புப் பழம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மரம்.

மே 20

மிச்சத்தைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இன்று எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தால் ஆளே மாறிவிட்டார். உலர்ந்த செர்ரி, ஆரஞ்சுத் தோல், சிகார் பெட்டி, லேசாகக் கிராம்பு. புளிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அன்று தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது இன்று பழத்தோடு சேர்ந்துவிட்டது. விழுங்கிய பிறகு வெகு நேரம் நின்றது.

நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை. இரண்டும் ஒரே பாட்டில்தான். ஒரே வாய் குடித்துவிட்டு மதிப்பெண் போடுகிற பழக்கம் இந்த மாதிரி ஒயினுக்குச் செல்லாது. துபாய் நண்பரே, உங்கள் பாட்டிலில் மிச்சம் இருந்ததா, அன்றே தீர்த்துவிட்டீர்களா?

மே 21

தீர்த்துவிட்டாராம்.

மே 26

வெப்பநிலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு" என்று சொன்ன ஐரோப்பியரின் அறை கல் சுவர் வைத்த குளிர்ந்த வீடு. துபாய் அறை இல்லை, சென்னை அறை நிச்சயமாக இல்லை. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் செத்துப்போயிருக்கும். திறக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரொம்பச் சில்லிட்டுவிட்டால் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். கிளாஸைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: வீட்டில் அலமாரி மேல் வெயில் படும் இடத்தில் வருஷக்கணக்கில் பாட்டிலை வைத்து "முதிர்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே குடித்துவிடுங்கள்.

ஜூன் 2

"எந்த ரகமும் நிச்சயமில்லை என்றால் இந்தப் பிரிவுகள் எதற்கு?" நியாயமான கேள்வி, சிங்கப்பூரிலிருந்து.

எனக்குத் தெரிந்து ஒரு பெரிய உபயோகம் உண்டு. உலகத்தில் பெரும்பாலான நல்ல சிவப்பு ஒயின்களை வாங்கியவர் வீட்டில் வைத்து முதிரவிட வேண்டும். ரியோஹாவில் அந்த வேலையைத் தயாரிப்பாளரே செய்து, குடிக்கிற பக்குவத்துக்கு வந்த பிறகு வெளியே விடுகிறார். நல்ல வீட்டின் ரெசெர்வா என்றால் யாரோ ஒருவர் தன் பணத்தைப் பல வருஷம் முடக்கி உங்களுக்காக நிலவறை வாடகை கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பத்து வருஷம் பழைய பிரெஞ்சு ஒயினின் விலையையும் அதே வயது ரியோஹாவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் "நல்ல வீட்டின்" என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். சுமாரான திராட்சையை ஐந்து வருஷம் மரத்தில் போட்டால் சுமாரான திராட்சையும் நிறைய மரமும்தான் கிடைக்கும். பழம் போய்விட்ட பிறகும் பெயருக்காகப் பீப்பாயிலேயே கிடந்த கிரான் ரெசெர்வாக்களைக் குடித்திருக்கிறேன். பென்சில் சீவியதை ஊறவைத்த மாதிரி.

ஜூன் 3

அந்தப் பிரிவுகள் மேல் ஸ்பெயினுக்குள்ளேயே சண்டை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? காலத்தை மட்டும் எழுதுகிறார்கள், மண்ணை எழுதுவதில்லை என்பது ஒரு தரப்பின் புகார். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று சொல்ல இடமே இல்லாமல் எல்லாம் ஒரே ரியோஹாவாக இருந்தது. ரியோஹாவின் ஆலவா மாகாணப் பக்கத்து ஆர்தாதி என்ற புகழ்பெற்ற வீடு 2015 கடைசியில் ரியோஹா பெயரே வேண்டாம் என்று வெளியேறிவிட்டது. அதன் பிறகு 2017இல் தனித் தோட்டத்துக்கென ஒரு பிரிவைக் கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் ரியோஹா பாஹா, அதாவது கீழ் ரியோஹா என்றிருந்த பகுதிக்கு ரியோஹா ஓரியன்தால் என்று பேர் மாற்றினார்கள். கீழ் என்றால் தரமும் கீழ் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார் என்பது அங்கிருந்தவர்களின் வருத்தம்.

ஜூன் 9

சாப்பாடு. இதற்குத்தான் எல்லோரும் காத்திருந்தீர்கள் என்று தெரியும்.

அந்த ஊரில் ரியோஹாவுக்குச் சரியான ஜோடி ஆட்டுக்குட்டி விலாத்துண்டு. குளிர்காலத்தில் கவாத்து செய்த கொடிக்குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதைக் கொளுத்தினால் மளமளவென்று எரிந்து சீக்கிரமே தணலாகிவிடும். அந்தத் தணல் மேல் கம்பி வலையில் விரல் நீளத் துண்டுகளை வைத்து, வெறும் கல்லுப்பு. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் மசாலா. கையால் எடுத்துக் கடித்துவிட்டு ஒரு வாய் கிரியான்சா குடித்தால் அந்தத் துவர்ப்பு எங்கே போனதென்றே தெரியாது. கறியின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்கின்றன.

நம் சாப்பாட்டோடு? மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல் என் அடுப்பில் நன்றாகவே ஒத்துப்போனது, காய்ந்த மிளகாயைப் பாதியாகக் குறைத்த பிறகு. மிளகாய்க் காரம் ஏறினால் ஒயினில் இருக்கும் ஆல்கஹால் எரிகிறது, டானின் கசக்கிறது, இரண்டுக்கும் நஷ்டம். புளி போட்ட மீன் குழம்புக்கு ரெசெர்வா ஊற்றவே ஊற்றாதீர்கள். குழம்பு ஜெயிக்கும், ஒயின் தண்ணீராகும். குழம்புதான் வேண்டுமென்றால் மரம் படாத இளம் ஒயினைக் கொஞ்சம் சில்லென்று குடியுங்கள். அல்லது மோர் குடியுங்கள்.

ஜூன் 10

கோபத்தோடு ஒரு குறிப்பு. நேற்றிரவு ஒரு உணவகத்தில் ரெசெர்வா வாங்கினோம். திறந்து ஊற்றியதும் ஈரச் சாக்கு வாசம், நனைந்த அட்டைப் பெட்டி வாசம். பழம் என்ற ஒன்று அறவே இல்லை. கார்க் கெட்டுப்போனது, சந்தேகமே கிடையாது. கார்க்கில் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் உண்டாகி ஒயினைக் கெடுப்பது இது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, காசுக்குத்தான் கெடுதல்.

பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சொன்னால், "பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும், உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமிருக்காது" என்றார். மோந்துகூடப் பார்க்கவில்லை. மேலாளர் வந்து ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனார், பேசாமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தார். எந்த நல்ல கடையிலும் இதை மாற்றித் தர வேண்டும். முதலில் கொஞ்சமாக ஊற்றிக் காட்டுவது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை, கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். தயங்காமல் சொல்லுங்கள்.

ஜூன் 16

ஏன் அமெரிக்க மரம் என்று ஒருவர் கேட்டிருந்தார், பக்கத்தில் பிரான்ஸ் இருக்கும்போது.

பிரெஞ்சுக்காரர்கள் கற்றுக்கொடுத்த வித்தைதான் இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் கொடிகளுக்கு முதலில் சாம்பல் நோய் வந்தது, பிறகு ஃபைலாக்செரா பூச்சி வந்து வேரையே தின்றது. சரக்கு இல்லாமல் போன போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி ரியோஹாவின் எப்ரோ ஆற்றங்கரைக்கு வந்தார்கள். 1863இல் ஆரோவுக்கு ரயில் வந்தது. பில்பாவோ துறைமுகத்துக்கு நேர் வழி. ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் வீடுகள் முளைத்தன. லோபெஸ் தெ எரெதியா, கூனே, லா ரியோஹா ஆல்தா எல்லாம் இன்றும் அங்கேதான், நடந்தே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். பீப்பாயை உருட்டினால் ரயில் பெட்டி. போர்தோவின் 225 லிட்டர் அளவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், மரத்தை மட்டும் அட்லாண்டிக் கடல் வழியே அமெரிக்காவிலிருந்து எடுத்தார்கள். விலை குறைவு, கப்பல் தொடர்பு ஏற்கெனவே இருந்தது. அப்படி வந்த தேங்காய்தான் துபாய் நண்பர் மூக்கில் ஏறியது.

காசு புரண்ட ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சேதி: 1890இலேயே ஆரோ தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. "விளக்கு தெரிகிறது, ஆரோ வந்தாச்சு" என்று பழமொழியே உண்டு. 1899இல் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது.

ஜூன் 30

நேற்று ஆரோவில் ஒயின் சண்டை. ஜூன் 29, சான் பெத்ரோ (புனித பேதுரு) நாள். வெள்ளை உடை, கழுத்தில் சிவப்புத் துணி, விடிகாலையில் பிலிபியோ பாறை மேல் ஏறி ஒருவர் மேல் ஒருவர் சிவப்பு ஒயினை ஊற்றிக்கொள்வார்கள். வாளி, தோல்பை, தண்ணீர்த் துப்பாக்கி, கொடிக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டும் தெளிப்பான் எல்லாம் ஆயுதம். ஒரு பாட்டி என் சட்டைக் காலரை இழுத்துப் பிடித்து உள்ளே ஒரு பாட்டில் முழுக்க நிதானமாகக் கவிழ்த்துவிட்டு "வாழ்க சான் பெத்ரோ" என்று போய்விட்டார். என்ன ரகம் என்று கேட்பவர்களுக்கு: பச்சை முத்திரைகூட இருக்காது. கண்ணில் பட்டால் எரியும், நல்ல புளிப்பு.

ஜூலை 7

"எத்தனை புள்ளி வாங்கிய ஒயின் என்று பார்த்து வாங்கினால் போதாதா?" போதும், உங்கள் நாக்கும் புள்ளி போட்ட விமர்சகர் நாக்கும் ஒன்று என்றால்.

கூனே வீட்டின் இம்பீரியல் கிரான் ரெசெர்வா 2004, அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் உலகத்திலேயே முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் ஸ்பானிய ஒயின். நல்ல ஒயின்தான், மறுப்பில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருஷத்துச் சரக்கான 2005உம் ரியோஹா ஒயினைக் கண்காணிக்கும் ஆணையம் "மிகச் சிறந்தது" என்று அறிவித்த அறுவடைதான். எல்லோரும் 2004 பின்னால் ஓடினால் நான் 2005 பக்கம் போவேன்.

அறுவடை வருஷம் பார்ப்பது புள்ளியைவிட உபயோகம். 2001, 2004, 2005, 2010, 2011 எல்லாம் ஆணையம் உச்ச மதிப்பு கொடுத்தவை. 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்து துளிர்கள் கருகின, விளைச்சல் பலமாக அடிவாங்கியது. அதற்காக 2017 பாட்டிலைக் கண்டதும் ஓட வேண்டாம். திறமையான வீடுகள் அந்த வருஷமும் தப்பித்தன.

ஒரு காலத்தில் எனக்குப் புதுப் பாணிதான் பிடிக்கும். 1990களில் கிளம்பியது அது: புது பிரெஞ்சு ஓக், கறுப்பாக, கெட்டியாக, வாய் நிறைய. பழைய பாணியைத் தாத்தா ஒயின் என்று ஒதுக்கிய கூட்டத்தில் நானும் உண்டு. இப்போது அந்தக் கெட்டி ஒயினில் ஒரு கிளாஸுக்கு மேல் போக முடிவதில்லை, தாத்தா ஒயின் என்றால் பாட்டில் காலியாகிறது. வயசா, நாக்கா தெரியவில்லை. மனைவி வயசு என்கிறாள்.

ஜூலை 14

துபாய் நண்பர் என் பேச்சைக் கேட்டு ஒரே வீட்டின் கிரியான்சாவையும் ரெசெர்வாவையும் வாங்கி, இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, மனைவியை ஊற்றச் சொல்லிக் குடித்திருக்கிறார். பிடித்தது கிரியான்சா. "பழம் உயிரோடு இருந்தது" என்று எழுதியிருக்கிறார். விலையைப் பார்த்த பிறகு இன்னும் பிடித்ததாம்.

அடுத்து என்ன வாங்குவது என்கிறார். அதே கிரியான்சாவோடு ரிபேரா தெல் துவேரோ என்ற இன்னொரு ஸ்பெயின் பகுதியின் கிரியான்சா ஒன்றை வைத்துப் பாருங்கள். அங்கேயும் டெம்ப்ரனியோதான், ஆனால் இன்னும் உயரமான மேட்டு நிலம், பகலில் வெயில், இரவில் நடுக்கும் குளிர். ஒயின் கறுப்பாக, முரட்டுத்தனமாக இருக்கும். இங்கே பாரில் போய்ச் சிவப்பு ஒயின் என்று கேட்டால் "ரியோஹாவா, ரிபேராவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பாதி ஸ்பானியர் ஆகிவிட்டீர்கள்.

பழைய பாட்டில் கிடைத்திருக்கிறது, வண்டல் தெரிகிறது என்று எழுதியவருக்கு: முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், ஆட்டாமல் ஊற்றுங்கள், கடைசி இரண்டு விரல் அளவைத் தியாகம் செய்யுங்கள். மணிக்கணக்கில் ஜாடியில் காற்றாட விடாதீர்கள். வயசான ஒயின் அதற்குள் தீர்ந்துவிடும்.

வெள்ளை ரியோஹாவும் பீப்பாயில் முதிருமா என்று கேட்டவருக்கு: முதிரும், வியூரா என்ற திராட்சை. வின்யா கிராவோனியா கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். அது அந்தப் புளி மீன் குழம்பைக்கூட ஒரு கை பார்க்கும் என்று தோன்றுகிறது. மீன் வாங்கிவந்துவிட்டு எழுதுகிறேன்.